இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

பூச்சியம்மா என்று அவருக்குப் பெயர் வைத்தது நான்தான். கம்ப்யூட்டர் நிரலில் வரும் பிழையை எங்கள் தொழிலில் பூச்சி என்போம். எந்தப் பூச்சியும் அவர் கண்ணுக்குத் தப்பாது. மூன்று நாளாக யாருக்கும் பிடிபடாத ஒரு தவறை, டீ டம்ளரைக் கையில் பிடித்து நின்றபடியே பார்த்து, "இங்க ஒரு கமா விட்டுப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். டீகூட ஆறியிருக்காது. பெயரைக் கேட்டுக் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ பதிலுக்கு எனக்குப் "போன்காரர்" என்று வைத்தார். பொருத்தமான பெயர்தான். வாடிக்கையாளர்களின் போனை எடுத்து, அவர்கள் குறையைக் கேட்டு, சமாதானம் சொல்லி வைப்பதுதான் அங்கே என் வேலை.

டயர்க் கடை ஒன்றின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. ரப்பர் வாசனை படியேறி வந்துகொண்டே இருக்கும். இருபத்துநான்கு பேர். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்களே, அந்த டயாலிசிஸ் மையங்களுக்கான மென்பொருளை நாங்கள் தயாரித்தோம். நோயாளி வந்ததும் எடை பார்ப்பார்கள். உடம்பில் சேர்ந்த தண்ணீரையெல்லாம் எடுத்த பிறகு அவர் எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று டாக்டர் ஒரு கணக்கு வைத்திருப்பார். அதை உலர் எடை என்பார்கள். வந்த எடைக்கும் உலர் எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் அன்றைக்கு எடுக்க வேண்டிய தண்ணீர். எங்கள் நிரல் அதைக் கணக்கிட்டு ஒரு தாளில் அச்சடித்துத் தரும். நர்ஸ் அந்தத் தாளைப் பார்த்து இயந்திரத்தைத் திருகுவார். அந்தத் தாள் முழுக்க முழுக்கப் பூச்சியம்மாவின் வேலை. பத்தொன்பது வருடம் அங்கே இருந்தார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு, தம்பி குடும்பத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறை வீட்டில் இருந்தார். தம்பி பஸ் கண்டக்டர். அக்கா பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுகிற மனிதர். அந்தத் தம்பிக்கு நாற்பத்தொரு வயதில் இரண்டு சிறுநீரகமும் போயின. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றானது. அவர் போன மையத்தில் ஓடியது எங்கள் மென்பொருள். முதல் நாளே கட்டிலில் படுத்தபடி தன் தாளைத் தூக்கிக் காட்டி, வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாராம். "எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தப் பேப்பர் எங்கக்கா எழுதினது. தண்ணி எடுக்கறதுல சந்தேகம் இருந்தா எங்கிட்ட கேளுங்க, நான் டிக்கெட் கிழிச்சுத் தரேன்."

நான்கு வருடம் அப்படிப் போனது. பிறகு எங்கள் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது.

அவர்களுக்கு எங்கள் மென்பொருள் தேவையில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளுக்கென்று சொந்தமாகவே ஒன்று வைத்திருந்தார்கள். எங்களுடையது சந்தையில் இல்லாமல் போனால் போதும். சிறிய மையங்களுக்குக் கடைசியாக இரண்டு வருடத்துக்கு ஒரு சாவி எண் கொடுத்தார்கள். அது முடிந்தால் நிரல் திறக்காது. எங்கள் எல்லோரையும் வரிசையாக ஓர் அறைக்குள் கூப்பிட்டு ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எழுதிய நிரலில் ஒரு வரிகூட வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது.

இதை விளங்கச் சொல்ல வேண்டும். நிரலுக்கு இரண்டு உருவம் உண்டு. எழுதுகிறவர் எழுதுவது ஓர் உருவம். அதை மனிதர் வாசிக்கலாம், குற்றம் கண்டுபிடிக்கலாம், திருத்தலாம். மூலநிரல் என்பது அதுதான். வாடிக்கையாளருக்குப் போவது இன்னோர் உருவம். அது இயந்திரத்துக்கு மட்டுமே புரியும். மூலநிரலை எங்கள் கம்பெனி எப்போதும் பூட்டித்தான் வைத்திருந்தது. இப்போது பூட்டு கை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பூச்சியம்மா வெளியே வந்தார். மேசையில் ஒரு செடித் தொட்டி, ஒரு குடை, ஒரு டம்ளர். மூன்றையும் பைக்குள் வைத்தார்.

"போன்காரரே, பத்தொன்பது வருஷம். கையில என்ன இருக்கு பாருங்க. குடை."

நான் சிரிக்க முயன்றேன். வரவில்லை.

பிற்பகலில் ஒரு கூரியர் கம்பெனியில் அரைநாள் வேலை கிடைத்தது அவருக்கு. காலையில் தம்பியோடு மையத்துக்குப் போவார். உள்ளே தம்பிக்கு நான்கு மணி நேரம் இயந்திரம் ஓடும். வெளியே காத்திருப்பு அறையில் நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவர் புதிதாக ஒன்றை எழுத ஆரம்பித்தார். சாவி முடிந்ததும் இந்த மையம் என்ன செய்யும், தம்பியின் தாளை யார் அச்சடிப்பார்கள் என்ற கவலைதான் தொடக்கம். பழையதில் ஒரு வரியும் அவரிடம் இல்லை. வேலை மட்டும் தெரியும். முதலிலிருந்து எழுதினார்.

தம்பி கேட்டாராம், "இதையும் யாராவது வாங்கிப் பூட்டிட்டா?"

"பூட்ட முடியாத மாதிரி வெளியிடலாம்டா. மூலநிரலோடயே எல்லாருக்கும் கொடுத்துடறது. யார் வேணா எடுத்துப் பயன்படுத்தலாம், படிக்கலாம், மாத்தலாம்."

"அப்ப அதையே செய். யார் வேணா ஏறட்டும், யார் வேணா இறங்கட்டும். கதவை மட்டும் யாரும் சாத்தக் கூடாது."

நான் வாரம் ஒருநாள் அங்கே போய்வருவேன். எனக்கும் வேலை போயிருந்தது, நேரம் நிறைய இருந்தது. அந்த அறையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. மீன் இல்லை, தண்ணீரும் கூழாங்கல்லும் மட்டும். நாளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாத மனிதர்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பூச்சியம்மா நிமிரவே மாட்டார்.

இரண்டாவது வருடத் தொடக்கத்தில் தம்பியின் உடம்பு கொஞ்சம் தேறியது. சதை போட்டிருக்கிறது, இனி இவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டாம் என்று டாக்டர் உலர் எடையை அறுபதிலிருந்து அறுபத்தொன்றரையாக உயர்த்தினார். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதற்குப் பிறகுதான் தம்பி துவண்டுபோக ஆரம்பித்தார். இயந்திரத்திலிருந்து எழுந்தால் தலை சுற்றும். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ரத்த அழுத்தம் இறங்கிவிடும். நர்ஸ்கள் காலைத் தூக்கி வைத்துக் கொஞ்சம் உப்புநீர் ஏற்றுவார்கள், சரியாகும். இரண்டு நாளில் மறுபடி அதே கதை.

"உன் பேப்பர் என்னைத் துணி பிழியற மாதிரி பிழியுதுக்கா" என்று அப்போதும் விளையாட்டாகத்தான் சொன்னார்.

"பேப்பர்ல ஒண்ணும் இல்லடா. நீ ஒழுங்கா சாப்பிடறதில்ல" என்றார் அக்கா.

ஐந்து வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முகம் கழுவும் தொட்டியின் முன்னால் நின்றவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இது நடப்பதுதான் என்றார்கள். மனைவிக்கு முப்பத்தேழு வயது, மகளுக்குப் பன்னிரண்டு.

பூச்சியம்மா அழுது நான் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து மறுபடி அந்தக் காத்திருப்பு அறைக்கே போய் அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். உள்ளே அவருக்கென்று யாரும் இல்லை. மையத்தின் தலைமை நர்ஸ் உட்காரட்டும் என்று விட்டுவிட்டார். மூன்று மாதத்தில் நிரல் முடிந்தது. எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தார். தம்பி போன மையத்தில் சாவிக்கு இன்னும் சில மாதம் மீதி இருந்தது. முடியும்போது மாற்றிக்கொள்கிறோம் என்றார்கள். எங்கெங்கோ இருந்த நான்கைந்து மையங்கள் எடுத்துப் போட்டுப் பார்த்தன.

வெளியிட்டு ஐந்து மாதம் ஆகியிருக்கும். தொலைதூரத்து நாடு ஒன்றிலிருந்து ஒரு டயாலிசிஸ் நர்ஸ் கடிதம் எழுதியிருந்தார். ஓய்வு நேரத்தில் நிரல் எழுதப் பழகியவராம். நம் மொழியில் சொன்னால் கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது: 'உங்கள் நிரலை எங்கள் மையத்தில் போடுவதற்கு முன்னால் முழுவதும் படித்துப் பார்த்தேன். நான் தவறாகவும் இருக்கலாம். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியைப் பாருங்கள். உலர் எடையை ஒரே நாளில் இரண்டு முறை பதிந்தால், திரையில் இரண்டாவது எண் தெரிகிறது. ஆனால் தாளில் முதல் எண் அச்சாகிறது. தேதியை மட்டும் பார்க்கிறீர்கள், நேரத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் அவசரத்தில் தப்பாகத் தட்டிவிட்டு உடனே திருத்துவது அடிக்கடி நடக்கும். திருத்தம் ஒன்று இணைத்திருக்கிறேன்.'

எனக்குப் போன் செய்து இதைப் படித்துக்காட்டும்போது பூச்சியம்மா சிரித்தார். தம்பி போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாத்தேன் போன்காரரே. எனக்குத் தெரியல. முன்ன பின்ன தெரியாத ஒரு பொண்ணு உள்ள வந்து, இந்தா இங்க ஒழுகுதுன்னு காட்டிட்டுப் போயிருக்கு. அடைக்கறதுக்குச் சாந்தும் குழைச்சுக் கொண்டுவந்திருக்கு."

திருத்தத்தை அன்றே சேர்த்துவிட்டதாகச் சொன்னார். பிறகு பேச்சு நின்றது. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இந்த வரியைப் பழசுல எழுதின மாதிரியேதான் எழுதினேன்" என்றார். "பழக்கம். கை தானா போச்சு."

போனை வைத்துவிட்டார்.

தம்பியின் டயாலிசிஸ் தாள்களெல்லாம் ஒரு கோப்பில் இருந்தன. டாக்டர் கேட்பார் என்று ஒவ்வொன்றையும் சேர்த்து வைப்பது பூச்சியம்மாவின் வழக்கம். மறுநாள் காலை நான் போனபோது தரையில் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் டாக்டரின் கையெழுத்தில் குறிப்பு: அறுபத்தொன்றரை. மறுபக்கம் அந்த ஐந்து வாரத்துத் தாள்கள், பதினான்கு. பதினான்கிலும் அறுபதரை.

ஒரு கிலோ. பதினான்கு முறை, எடுக்க வேண்டியதைவிட ஒரு லிட்டர் அதிகம் எடுத்திருக்கிறார்கள். முந்தைய எடை அறுபது என்பதால் அறுபதரை என்பது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

"நர்ஸ் தப்பாக் கூட அடிச்சிருக்கலாம்" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"அடிச்சிருப்பாங்க. உடனே திருத்தியும் இருப்பாங்க. திரையில சரியா இருக்கும். பேப்பர்ல இருக்காது." டாக்டரின் குறிப்பைக் கோப்பில் செருகினார். "பழசைப் பாத்தாத்தான் உறுதியா சொல்ல முடியும். பாக்கறதுக்கு எங்கிட்ட இல்ல. நான் எழுதினது. எங்கிட்ட இல்ல."

மையத்தில் பழைய நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் போனோம். தலைமை நர்ஸிடம் விஷயத்தைச் சொல்லாமல், ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார் பூச்சியம்மா. இல்லாத ஒரு நோயாளியைப் பதிந்தார். உலர் எடை அறுபதரை என்று அடித்தார். ஒரு நிமிடம் பொறுத்து அறுபத்தொன்றரை என்று திருத்தினார். திரையில் அறுபத்தொன்றரை. அச்சுப் பொத்தானை அழுத்தினார். பிரின்டர் எப்போதும்போல முதலில் ஒரு முனகல் முனகியது, பிறகு தாளைத் தள்ளியது.

அறுபதரை.

தலைமை நர்ஸ் தாளை எடுத்தார், திரையைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு எண்ட்ரி போட்டது நான்தான்" என்றார். "தப்பா அடிச்சேன். உடனே மாத்தினேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, மாத்தினேன்."

"நீங்க மாத்தினீங்கம்மா" என்றார் பூச்சியம்மா. "நான்தான் மாத்தல."

அன்று மதியமே அந்தப் பெரிய கம்பெனியைப் போனில் பிடித்தோம். ஒரு இளம் குரல் மரியாதையாகப் பேசியது. அந்தத் தயாரிப்புக்கு இனி பராமரிப்பு கிடையாது. மூலநிரலை வெளியாருக்குக் காட்ட இயலாது. வேண்டுமானால் மின்னஞ்சலில் ஒரு கோரிக்கை பதியலாம். தப்பு எந்த இடத்தில் என்று தெரியும், பத்து நிமிட வேலை, உங்கள் அலுவலகத்துக்கே வந்து உங்கள் கண்ணெதிரே சரிசெய்து தருகிறேன், ஒரு காசு வேண்டாம் என்று கெஞ்சினார் பூச்சியம்மா. "உங்க நிலைமை புரியுது மேடம்" என்றது குரல். நானும் இருபது வருடம் இதே வார்த்தையைச் சொல்லித்தான் பிழைத்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

பூட்டிய நிரலைத் திருத்த முடியாது. அதைப் பயன்படுத்துகிறவர்களை எச்சரிக்கத்தான் முடியும். என்னிடம் ஒரு பழைய நோட்டு இருந்தது. கம்பெனிச் சொத்தல்ல, என் சொந்த நோட்டு. போன் செய்தவர்களின் எண்ணையும் குறையையும் குறித்து வைப்பேன். நூற்று முப்பத்தேழு மையங்கள். அவர் வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டோம். காலையில் ஆரம்பித்தால் அவர் கூரியர் வேலைக்குக் கிளம்பும் வரை. மூன்று வாரம்.

சிலர் விளம்பரக்காரர்கள் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். சிலர் "எங்க சாஃப்ட்வேர் நல்லாத்தான் ஓடுது" என்றார்கள். பலர் "நீங்க யாரு?" என்று கேட்டார்கள். நானாயிருந்தால் சுற்றி வளைத்து ஏதாவது சொல்லியிருப்பேன். பூச்சியம்மா ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"அந்தத் தப்பை எழுதினது நான்தாங்க. ஒரே நாள்ல எடையைத் திருத்தினா பேப்பரை நம்பாதீங்க. கையால கணக்குப் போடுங்க. எழுதிக்கிட்டீங்களா? திருப்பிச் சொல்லுங்க."

திருப்பிச் சொல்லும் வரை விடமாட்டார். தொண்ணூற்றொரு மையங்கள் திருப்பிச் சொன்னன. மீதி எண்கள் மாறியிருந்தன, அல்லது யாரும் எடுக்கவில்லை.

நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் நான் அதைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். ஆறு வருடம் முந்தைய தேதி. 'திரையில் ஒரு எடை, தாளில் ஒரு எடை என்கிறார்கள். மறுநாள் மீண்டும் பதியச் சொன்னேன், சரியாகிவிட்டது. பயனர் தவறு.' அதன் கீழே ஒரு கோடு. அதற்கு இரண்டு வருடம் கழித்து வேறொரு பக்கத்தில், வேறொரு ஊர் மையம், அதே குறை. அதற்கும் கீழே ஒரு கோடு. முதலில் சொன்னவருக்கு இரண்டாவது ஆளைத் தெரியாது. இரண்டாவது ஆளுக்கு முதலில் சொன்னவரைத் தெரியாது. இரண்டையும் அறிந்த ஒரே மனிதன் நான், நான் ஒரு மாதத்தில் முந்நூறு போன் எடுப்பவன். பூச்சியம்மாவிடம் சொல்லவே இல்லை. இன்றைக்கு அவருடைய புதிய நிரலின் இணையப் பக்கத்தில் யார் என்ன குறை சொன்னாலும் எல்லோரும் பார்க்கும்படி நிற்கிறது. ஒருவர் சொல்ல, "எனக்கும் இதே" என்று இன்னொருவர் கீழே எழுதுகிறார். என் நோட்டு என் மேசை இழுப்பறையில் கிடந்தது.

இரண்டு நாள் அதை மறைத்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அந்தப் பக்கங்களைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். படித்தார். தேதிமேல் விரலை வைத்தார்.

"ஆறு வருஷம்" என்றார். "அப்ப அவன் பஸ்ல விசில் ஊதிக்கிட்டு இருந்தான்."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "அடுத்த நம்பரைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

டாக்டரிடமும் போய்க் கேட்டார். அவர் பதினான்கு தாளையும் பொறுமையாகப் பார்த்தார். ஏற்கெனவே பலவீனமான இதயம் என்றார். "இதனாலதான்னு சொல்ல முடியாதும்மா" என்றார். எழுந்து கதவு வரை வந்தவரிடம், "இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார்.

தம்பி மனைவியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. நான்கூட அப்படித்தான் ஜாடையாகச் சொன்னேன். "அவங்களுக்கு இதைத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்றேன்.  பூச்சியம்மா கோப்பை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு நடந்தார். அங்கே நடந்ததை அவர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தம்பி மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாராம். இவர் தாள்களைப் பரப்பி முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். மடிப்பது நிற்கவில்லை. எல்லாம் கேட்டு முடித்த பிறகு கேட்டார்:

"அவரு பிழியுதுன்னு சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

"சரியா சாப்பிடறதில்லன்னு சொன்னேன்."

"நானும் அதைத்தான் சொன்னேன். நீங்க சொன்னதால." துணியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இப்ப புதுசா எழுதியிருக்கீங்களே. அதுல தப்பு இல்லையா?"

"இது போயிடுச்சு. வேற இருக்கான்னு எனக்குத் தெரியாது. ஆனா இப்ப யார் வேணா திறந்து பாக்கலாம்."

"அப்பவும் யாராவது பாத்திருந்தா?"

பூச்சியம்மா தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பில் அடுக்கினார். "நீங்க போயிட்டு வாங்க அண்ணி" என்றார் தம்பி மனைவி. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரம். அவள் வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று அதற்குப் பொருள்.

அதன் பிறகு போக்குவரத்து இல்லை. தெருவில் எதிர்ப்பட்டால் தம்பி மனைவி எதிர்ப்புறம் மாறிப் போவாராம். பூச்சியம்மா அதைக் குறையாகச் சொல்லவில்லை. மளிகைக்கடைக்குப் போகும் நேரத்தைத் தானே மாற்றிக்கொண்டார்.

அந்தப் பெரிய கம்பெனி ஆறு வாரம் கழித்து இரண்டு வரியில் ஓர் அறிவிப்பு அனுப்பியது. அச்சிடப்பட்ட மதிப்புகளைப் பயனர்கள் சரிபார்த்துக்கொள்ளவும் என்று. என்ன தவறு, எந்த இடத்தில் என்று அதில் இல்லை. பழைய நிரல் கடைசி நாள் வரை அதே தவறோடுதான் ஓடியது. சாவி முடிந்த அன்று, தம்பி போன மையத்தில் பூச்சியம்மாவே போய்ப் புதியதைப் போட்டுக் கொடுத்தார். மற்ற மையங்களும் ஒவ்வொன்றாக வந்தன. இப்போது அறுபதுக்கு மேல் இருக்கும். ஏழெட்டு நாட்டுக்காரர்கள் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர் தூங்கி எழுவதற்குள் யாரோ ஒரு பூச்சியைப் பிடித்துப் போட்டிருப்பார்கள். முன்பு யாராவது அவருடைய நிரலில் தவறு சொன்னால் முகம் சுருங்கும். இப்போது ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதிவிட்டுத்தான் காலை டீ.

அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருநாள் கேட்டேன், இத்தனை பேருக்கு உதவியிருக்கிறீர்களே, மனசுக்குக் கொஞ்சம் இதமாக இல்லையா என்று. "அறுபது மையத்துல இருக்கறவங்க யாரும் என்னை அக்கான்னு கூப்பிடல போன்காரரே" என்றார்.

தம்பி இறந்து இரண்டு வருடம் கழிந்து, ஒரு முற்பகலில் தம்பி மனைவி வந்தார். நாற்காலியைக் காட்டினாலும் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"அந்தத் தப்பைக் கண்டுபிடிச்ச நர்ஸம்மா இருக்காங்களே, அவங்களுக்கு நான் எழுதணும். அவங்க பாஷை எனக்குத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல நீங்க மாத்தி எழுதித் தருவீங்களா?"

பூச்சியம்மா லேப்டாப்பைத் திறந்தார். தம்பி மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று சொன்னார். என் கணவர் பஸ் கண்டக்டர். நன்றாகப் பேசுவார். நீங்கள் கண்டுபிடித்த தப்பு அவர் தாளில் பதினான்கு முறை இருந்தது. உங்களால் பார்க்க முடிந்திருந்தால் முன்னாலேயே பார்த்திருப்பீர்கள் என்று நான் நினைக்கிறேன். உங்களைப் பார்க்க விடாமல் வைத்திருந்தார்கள். அந்தத் தப்பை எழுதியவர் என் நாத்தனார்.

அந்த இடத்தில் தட்டச்சு நின்றது. தம்பி மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. "எழுதிட்டீங்களா?" என்றார்.

"எழுதறேன்" என்றார் பூச்சியம்மா. அந்த வாக்கியத்தையும் அந்த மொழியில் அப்படியே எழுதினார், ஒரு சொல்லும் மென்மையாக்காமல்.

"அவங்கதான் எங்கிட்ட வந்து சொன்னாங்க. அதையும் போடுங்க" என்றார் தம்பி மனைவி.

அதையும் போட்டார். கடிதம் போனது. தம்பி மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு, "பதில் வந்தா சொல்லி அனுப்புங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். டீ கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

பதில் எட்டாம் நாள் வந்தது. பூச்சியம்மா அதை நம் மொழியில் எழுதி, தாளை நான்காக மடித்து, தானே எடுத்துக்கொண்டு போனார். கதவைத் திறந்தது மகள். உள்ளே கூப்பிடவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. அத்தையிடமிருந்து தாளை வாங்கி, வாசலிலேயே நின்று, அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாளாம். பூச்சியம்மா படியில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு வீடு திரும்பினார்.